செவ்வாயில் தூங்க மறுத்த வண்டி!

வேலைக்காரன் தூங்கினால் முதலாளிக்குக் கோபம் வரும்.

இங்கே கதை வேறு. வேலைக்காரன் தூங்கவில்லை. அதனால் முதலாளிகள் கதிகலங்கிப் போனார்கள்!

அது 2004-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாசடினா என்று ஒரு நகரம். அங்கே "ஜே.பி.எல்." என்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. நாசாவுக்காக விண்வெளிக் கலங்களைச் செய்து, ஓட்டுகிற இடம் அது.

அங்கே இருந்த விஞ்ஞானிகள் இரவு பகலாகக் கண் விழித்தார்கள். காரணம், ஒரு வண்டி.

அந்த வண்டி நின்ற இடம் செவ்வாய் கிரகம். தூரம் ஏறத்தாழ 19 கோடி கிலோ மீட்டர். ஓடிப் போய்ப் பார்க்க முடியுமா? ரிப்பேர் செய்ய ஆள் அனுப்ப முடியுமா? ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால், அது போய்ச் சேரவே 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். பதில் வர இன்னொரு 10 நிமிடம்.

அக்காள், தங்கை

வண்டியின் பெயர் ஸ்பிரிட். அதாவது, ஊக்கம்.

அதற்கு ஒரு தங்கையும் உண்டு. அவள் பெயர் ஆப்பர்சூனிட்டி. வாய்ப்பு என்று பொருள். இரண்டு பேரையும் சூட்டியது 9 வயதுச் சிறுமி ஒருத்தி! நாசா ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. அதில் அந்தச் சிறுமி எழுதிய பெயர்கள்தான் இவை.

ஸ்பிரிட்டுக்கு 6 சக்கரங்கள். உயரம் 1½ மீட்டர். எடை 180 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வெயிலில் இருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பாறையைத் துருவும். படம் பிடிக்கும்.

2003-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி அது பூமியை விட்டுப் புறப்பட்டது. ஏழு மாதப் பயணம். 2004 ஜனவரி 4-ந் தேதி "குசேவ்" என்ற பெரும் பள்ளத்தில் பத்திரமாக இறங்கியது. "90 நாள் வேலை செய்தால் போதும்" என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்பினார்கள். (செவ்வாயில் ஒரு நாள் என்பது நம்முடைய நாளைவிட 40 நிமிடம் நீளம்.)

17 நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அழகழகான படங்கள் வந்தன. உலகமே பார்த்து வியந்தது.

18-வது நாள். ஜனவரி 21-ந் தேதி. "அடிரண்டாக்" என்று பெயரிட்ட ஒரு பாறையின் அருகே வண்டி நின்றது. அன்றைக்கு அந்தப் பாறையை ஆராய வேண்டும்.

திடீர் என்று பேச்சு நின்றுவிட்டது!

மழை மேல் பழி

செவ்வாயில் இருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க, பூமியில் மூன்று இடங்களில் பெரிய பெரிய ஆன்டெனாக்கள் உண்டு. அவற்றில் ஒரு இடம், ஆஸ்திரேலியாவில் கான்பெரா பக்கம். அன்று அங்கே இடி, மழை.

"மழையால்தான் தகவல் அறுந்துபோயிற்று" என்று முதலில் நினைத்தார்கள். மழை விட்டது. வண்டி பேசவில்லை.

மறுநாள், "என் குரல் கேட்கிறதா?" என்ற பாணியில் ஒரு கட்டளை அனுப்பிப் பார்த்தார்கள். "பீப்" என்று ஒரு ஒலி மட்டும் வந்தது. அவ்வளவுதான். உயிர் இருக்கிறது. ஆனால், உடம்பு சரி இல்லை.

ஜனவரி 23-ந் தேதி கொஞ்சம் பேசியது. எவ்வளவு வேகத்தில்? வினாடிக்கு 10 துடிப்புகள்! ஒரு எழுத்தைச் சொல்ல 8 துடிப்பு வேண்டும். அதாவது, வினாடிக்கு ஒரு எழுத்து. சாகக் கிடக்கும் நோயாளி வாய் திறந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வதுபோல இருந்தது.

பிறகு வேகம் வினாடிக்கு 120 துடிப்பாக ஏறியது. அதைக் கூட்டிப் படித்த நிபுணர்கள் திடுக்கிட்டார்கள்.

வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்தி, மறுபடி கிளப்பி... இப்படி 60 தடவைக்கு மேல் செய்திருந்தது!

அது மட்டும் அல்ல. இரவு ஆனதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வண்டி தூங்க வேண்டும். அப்போதுதான் பேட்டரி மிச்சப்படும். ஸ்பிரிட்டோ தூங்கவே இல்லை. இரவு முழுவதும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. "தூங்கு" என்று பூமியில் இருந்து கட்டளை போயிற்று. அப்போதும் தூங்கவில்லை.

பேட்டரி வற்றிக்கொண்டே வந்தது. அடியோடு வற்றினால்? செவ்வாயின் கடுங்குளிரில் பேட்டரியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

இதற்கு நடுவே இன்னொரு தலைவலி. தங்கை ஆப்பர்சூனிட்டி செவ்வாயில் இறங்க இரண்டே நாள்தான் பாக்கி! இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர். ஒரே மாதிரிக் கட்டளைத் தொகுப்பு. அக்காளுக்கு வந்த நோய் தங்கைக்கும் வந்தால்?

தையல் கடை

நோய் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள, கம்ப்யூட்டரின் ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். ஒரு தையல் கடையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு மேஜை இருக்கிறது. துணியை விரிப்பது, வெட்டுவது எல்லாம் அதன் மேல்தான். இரவு கடை சாத்தும்போது மேஜையைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடுவார்கள். பின்னால் ஓர் அலமாரி இருக்கிறது. தைத்த துணி, தைக்காத துணி எல்லாம் அதற்குள். இரவானாலும் அங்கே உள்ளது அப்படியே இருக்கும்.

கம்ப்யூட்டரிலும் இப்படியே. மேஜைக்கு "ராம்" என்று பெயர். மின்சாரம் நின்றால் அதில் உள்ளது எல்லாம் அழிந்துபோகும். அலமாரிக்கு "பிளாஷ்" என்று பெயர். மின்சாரம் போனாலும் அழியாது. உங்கள் கையில் உள்ள செல்போனிலும் இந்த இரண்டும் உண்டு.

ஸ்பிரிட்டின் மேஜை 128 மெகாபைட். அதாவது 12 கோடியே 80 லட்சம் எழுத்துகள் போல. அலமாரி 256 மெகாபைட். இன்றைய சாதாரண செல்போனில் இதைப்போலப் பல மடங்கு உண்டு. ஆனால் செல்போனைச் செவ்வாய்க்கு அனுப்ப முடியாது. விண்வெளிக் கதிர்கள் தாக்கினாலும் தாங்கும் கம்ப்யூட்டர்தான் அங்கே பிழைக்கும். அது மெதுவாகத்தான் இருக்கும். சிறியதாகத்தான் இருக்கும். விலை மட்டும் பெரியது!

மேஜையில் யாருக்கு எவ்வளவு இடம்? யார் எப்போது எழுந்திருக்க வேண்டும்? இதைப் பார்த்துக்கொள்ள ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைதான் "ஆபரேட்டிங் சிஸ்டம்." ஸ்பிரிட்டில் இருந்த கணக்குப்பிள்ளையின் பெயர் "விஎக்ஸ்ஒர்க்ஸ்." சின்னஞ்சிறு கருவிகளுக்கு என்றே எழுதப்பட்டது. கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைதான். ஆனாலும் அவன் எஜமானர்கள் சொல்லி வைத்தபடிதான் நடப்பான்.

அடித்த வரியும் இடம் பிடிக்கும்

அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு அல்லவா? கம்ப்யூட்டர் விழிக்கும்போது எல்லாம், அந்தப் பட்டியலை முழுவதும் பிரதி எடுத்து மேஜை மேல் வைத்துக்கொள்ளும். அப்போதுதான் வேண்டியதைச் சட்டென்று தேடி எடுக்கலாம்.

இதில்தான் சனி பிடித்தது!

அலமாரியில் இருந்து ஒரு துணியை எடுத்து எறிந்தால், பட்டியலில் அதன் பெயரை அடிக்க வேண்டும். அடித்தார்கள். ஆனால் அடித்த வரி அப்படியே இருக்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போடுவது கிடையாது. ஆகவே, சாமான் கூடக் கூடப் பட்டியல் வளரும். சாமான் குறைந்தாலோ பட்டியல் குறையாது!

ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த தகவல் கட்டுகள் ஏராளம். செவ்வாயில் இறங்கிய பிறகு எடுத்த படங்கள், அளவுகள் ஏராளம். ஆயிரக் கணக்கில் கட்டுகள் சேர்ந்துவிட்டன. பட்டியல் பெருத்துக்கொண்டே போயிற்று. மேஜையில் அது முக்கால் இடத்தை அடைத்தால் என்ன, முழு இடத்தையும் அடைத்தால் என்ன? "இதற்கு மேல் போகாதே" என்று பட்டியலுக்கு வரம்பு போட யாரும் நினைக்கவில்லை.

பூமியில் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ஆனால், இத்தனை கட்டுகள் சேரும் அளவுக்கு நெடுநாள் ஓட்டிப் பார்க்கவில்லை. புது வீட்டில் சாக்கடை அடைக்குமா, அடைக்காதா என்பது குடி போன அன்றைக்கே தெரியுமா?

பழைய கட்டுகளைக் கழிக்க வேண்டும் என்பது நிபுணர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கான கட்டளைத் தொகுப்பை 15-வது நாளே இரண்டு பகுதியாக அனுப்பினார்கள். ஒரு பகுதி சரியாகப் போய்ச் சேரவில்லை. "சரி, 19-வது நாள் திரும்ப அனுப்பலாம்" என்று வைத்திருந்தார்கள்.

வண்டி படுத்தது 18-வது நாள்!

சாவியோடு நின்றவன்

18-வது நாள் என்ன நடந்தது? பட்டியலை வைத்திருக்கும் வேலையாள், "எனக்கு மேஜையில் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும்" என்று கேட்டான். மேஜையில் இடம் இல்லை.

இடம் இல்லாவிட்டால் என்ன செய்வது? கணக்குப்பிள்ளைக்கு முன்பே ஓர் உத்தரவு எழுதி வைத்திருந்தார்கள்: "இடம் கேட்டு, இடம் இல்லை என்றால், கேட்டவனை அப்படியே நிறுத்திவிடு." அந்த உத்தரவு தவறான உத்தரவு. "இடம் இல்லை, போய் வேறு வழி பார்" என்று சொல்லி அனுப்பி இருந்தால் தப்பி இருக்கலாம். ஆனால், எழுதி வைத்தது அதுதான். கணக்குப்பிள்ளை அப்படியே செய்தான்.

அந்த ஆள் சிலைபோல நின்றுவிட்டான். அவன் கையில் அலமாரியின் சாவி!

கடைக்கு ஒரு காவல்காரனும் உண்டு. யாராவது அசையாமல் நின்றால் அவனுக்குப் பொறுக்காது. "எல்லோரும் வெளியே போங்கள். கடையைச் சாத்தித் திற" என்பான். கம்ப்யூட்டர் நின்று, மறுபடி கிளம்பும். கிளம்பியதும் முதல் வேலை என்ன? பழையபடி பட்டியலைப் பிரதி எடுப்பது. மேஜை நிரம்பும். ஆள் நிற்பான். காவல்காரன் கத்துவான். மறுபடி சாத்தித் திறப்பார்கள். இப்படித்தான் 60 தடவைக்கு மேல் நடந்தது.

தூங்காததற்குக் காரணமும் இதுவே. இரவு கடையை மூட வேண்டும் என்றால் முதலில் அலமாரியைப் பூட்ட வேண்டும். சாவியோ நிற்கிறவன் கையில். அவனோ அசைய மாட்டான். கடையை எப்படி மூடுவது? விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி கரைந்துகொண்டே இருந்தது.

இதிலே ஒரு வேடிக்கை. எந்தக் கருவியும் உடையவில்லை. எந்தக் கம்பியும் அறவில்லை. கணக்கு ஒன்றுதான் கெட்டது. அதற்கே பல கோடி டாலர் வண்டி படுத்துவிட்டது!

"அலமாரியைத் தொடாதே!"

நிபுணர்கள் யோசித்தார்கள். பிளாஷில்தான் தகராறு என்று சந்தேகம் எழுந்தது. "அலமாரிப் பக்கமே போகாமல் கண் விழி" என்று கட்டளை இட்டால்?

அப்படி ஒரு கட்டளையை முன்யோசனையோடு வண்டியில் வைத்திருந்தார்கள். அதன் ஆங்கிலப் பெயருக்கு "நொண்டியாகக் கிளம்பு" என்று அர்த்தம். பிளாஷைத் திறக்காமல், ராமிலேயே ஒரு மூலையை அலமாரிபோல வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஒரே குறை, தூங்கி எழுந்தால் முந்தின நாள் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. இருக்கட்டுமே! முதலில் உயிர் பிழைக்க வேண்டாமா?

ஜனவரி 24-ந் தேதி கட்டளை பறந்தது.

வண்டி கேட்டது! மறுபடி மறுபடி அணைந்து எழுவது நின்றது. சொன்ன நேரத்துக்குத் தூங்கியது.

திட்டத்தின் மானேஜர் பீட் தைசிங்கர், நிருபர்களிடம் ஆஸ்பத்திரி பாஷையில் பேசினார். "மிகவும் அபாயம்" என்ற கட்டத்தில் இருந்து "கவலைக்கிடம்" என்ற கட்டத்துக்கு நோயாளி வந்திருக்கிறான் என்ற பொருள்பட அவர் சொன்னார். மறுநாள் ஆப்பர்சூனிட்டியும் செவ்வாயின் மறுபுறத்தில் நல்லபடி இறங்கியது. ஒரே வாரத்தில் துக்கம், சந்தோஷம் இரண்டும் பார்த்த வீடு அது.

பிறகு தேவை இல்லாத கட்டுகளைக் கழித்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் அலமாரியை அடியோடு காலி செய்து, புதிதாகப் பட்டியல் போட்டார்கள். ஸ்பிரிட் பாறையைத் துருவப் புறப்பட்டது.

சந்திரனில் ஒரு பந்தி

இது முதல் தடவை அல்ல. இதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, இதைவிடச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் மேஜை நிரம்பியது. அப்போது அதை நம்பி இருந்தது வண்டி அல்ல. இரண்டு மனித உயிர்!

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி. ஆம்ஸ்டிராங், ஆல்டிரின் இருவரும் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுடைய கலத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு, அழித்து எழுதக்கூடிய ஞாபகம் 2,048 "சொற்கள்" மட்டுமே. சுமார் 4 ஆயிரம் எழுத்துகள். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையில் பாதிகூட அதில் அடங்காது!

அழிக்க முடியாத ஞாபகம் இன்னொன்று இருந்தது. 36,864 சொற்கள். அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? நெய்தார்கள்! மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில், பெண்கள் உட்கார்ந்து மெல்லிய கம்பியைச் சின்னச் சின்ன வளையங்களுக்குள் கையால் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் 1. வெளியே போனால் 0. சந்திரனுக்கு வழி சொன்ன கட்டளைகள் எல்லாம் அந்தப் பெண்கள் கோத்தவையே.

இவ்வளவு குறைந்த இடத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள்? கல்யாணப் பந்திபோல. ஹால் லேனிங் என்ற நிபுணர் வகுத்த முறை அது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலை. இலைக்கு 12 சொல் இடம். மொத்த இலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாப்பிட்டவர் எழுந்ததும் அதே இடத்தில் அடுத்தவர் உட்காருவார். எல்லா இலையும் ஒரே அளவு. ஆகவே, "எனக்கு அகலம் போதாது" என்ற பேச்சே இல்லை.

இறங்கும்போது ஒரு ராடார் தேவை இல்லாமல் ஓடிக்கொண்டு இருந்தது. அது வினாடிக்கு 12 ஆயிரத்துக்கு மேல் துடிப்புகளை அனுப்பி, கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இலை தீர்ந்துபோயிற்று!

விளக்கு மின்னியது. "1202" என்று எண் தெரிந்தது. "இலை இல்லை" என்று அதற்கு அர்த்தம். ஆம்ஸ்டிராங்குக்கு அது என்ன எண் என்றே தெரியவில்லை.

பூமியில் ஜாக் கார்மன் என்ற இளைஞர் இருந்தார். வயது 24. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் கையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தார். "தொடர்ந்து வந்துகொண்டே இருக்காவிட்டால் பயம் இல்லை" என்று தம் மேல் அதிகாரி ஸ்டீவ் பேல்சுக்குச் சொன்னார். பேல்சுக்கு வயது 26! அவர், "இறங்கலாம்" என்றார். இறங்கினார்கள். இடையில் மொத்தம் ஐந்து தடவை அந்த அபாய அறிவிப்பு வந்தது.

ஏன் பயம் இல்லை? இலை தீர்ந்தால் என்ன செய்வது என்று சந்திரக் கலத்தின் கணக்குப்பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லி இருந்தார்கள். பந்தியைக் கலை. எல்லோரையும் எழுப்பு. முக்கியமானவர்களை மட்டும் முதலில் உட்கார வை. கலத்தை ஓட்டும் வேலை உட்கார்ந்தது. திரையில் எண்களைப் புதுப்பிப்பது போன்ற வேலைகள் வெளியே நின்றன. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்!

ஸ்பிரிட்டும் நிரம்பியதும் நின்று கிளம்பியது. சந்திரக் கலமும் நிரம்பியதும் நின்று கிளம்பியது. ஆனால் சந்திரக் கலம் கிளம்பும்போது சுமையை இறக்கிவிட்டுக் கிளம்பியது. ஸ்பிரிட் அதே சுமையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. 4 ஆயிரம் எழுத்து பிழைத்தது. 12 கோடி எழுத்து படுத்தது. என்னைக் கேட்டால், இரண்டில் பெரிய சாதனை அந்தச் சின்னக் கம்ப்யூட்டருடையதே.

நம் வீட்டுக்குள்

இந்தச் சங்கதி எல்லாம் ஆகாயத்தில் மட்டும் என்று எண்ண வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்திலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. மைக்ரோ அடுப்பிலும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் விளக்கு எரியவைத்து விளையாடும் "அர்டுயினோ ஊனோ" என்ற பலகையின் மேஜை வெறும் 2,048 எழுத்துதான்.

இவற்றில் இடத்தைப் பங்கிடுவது பெரிய சாமர்த்தியம். சினிமாக் கொட்டகையைப் பாருங்கள். பத்து நாற்காலி காலியாக இருக்கும். ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்றாக இருக்கும். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் சேர்ந்து உட்கார முடியாது. இடம் இருந்தும் இல்லாத கதை! கம்ப்யூட்டரிலும் இடம் இப்படித் துண்டு துண்டாகப் போய்விடும். நாள் கணக்கில் அணைக்காமல் ஓடும் கருவிகளுக்கு இதுவே பெரிய எமன்.

1996-ல் "பைலட்" என்று ஒரு சட்டைப் பைக் கருவி வந்தது. விலாசம், டெலிபோன் நம்பர் குறித்துக்கொள்ளலாம். விலை குறைந்த ரகத்தில் ஞாபகம் 128 ஆயிரம் எழுத்து. அதைச் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். "உன் நாற்காலி இது" என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒரு டோக்கன் மட்டும் கொடுத்தார்கள். கொட்டகைக்காரர் எல்லோரையும் நெருக்கி உட்கார வைத்துக் காலி இடத்தை ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொள்வார். டோக்கனைக் காட்டினால், இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வார்.

2003-ல் ரிச்சர்ட் பாரி என்பவர் "பிரீஆர்டிஓஎஸ்" என்ற இலவசக் கணக்குப்பிள்ளையை எழுதினார். இன்று எண்ணற்ற சின்னக் கருவிகளில் அதுவே இருக்கிறது. அதில் இடம் பங்கிட ஐந்து முறைகள் உண்டு. வேண்டியதை நாம் பொறுக்கிக்கொள்ளலாம். முதல் முறை என்ன தெரியுமா? இடம் கொடுப்பது மட்டும் உண்டு. திரும்ப வாங்குவது கிடையாது! கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் இடம் கொடுத்து, கடைசி வரை யாரையும் நகர்த்தாவிட்டால், துண்டு விழ வழியே இல்லை. நான்காவது முறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள் காலியானால் அவற்றைச் சேர்த்து ஒரே பெஞ்சாக்கிவிடும்.

ஜே.பி.எல். கூடத்தில் வேலை செய்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் என்ற நிபுணர், உயிர் காக்கும் கருவிகளுக்குக் கட்டளை எழுதுகிறவர்களுக்காக 2006-ல் பத்து விதிகளை வகுத்தார். மூன்றாவது விதி இது: கருவி கிளம்பியபோது இடம் வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு இடம் கேட்கவே கூடாது. கொஞ்சம் கடுமையான விதிதான். சாவியோடு நின்றவனை நினைத்தால் நியாயம் புரியும்.

செல்போனில் அப்படி முடியாது. நீங்கள் எதை எப்போது திறப்பீர்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஆண்ட்ராய்டு செல்போன் சந்திரக் கலத்தின் வழியில் போகிறது. ஒவ்வொரு வேலைக்கும் மார்க் போட்டு வைத்திருக்கும். இடம் தட்டினால், நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பதை விட்டுவிட்டு, பின்னால் கிடப்பதில் ஒன்றைக் கொன்றுவிடும். காலையில் பாதி படித்த செய்தி, மாலையில் திறந்தால் முதலில் இருந்து வருகிறதே, அதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பல போன்கள் இன்னொன்றும் செய்யும். வேலை இல்லாததைச் சுருட்டி ஓரமாக வைக்கும். ஒற்றை அறை வீட்டில், பகலில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவது இல்லையா? அதேபோல.

இரண்டு வண்டிகளும் என்ன ஆயின?

90 நாளுக்கு என்று போன ஸ்பிரிட் 6 ஆண்டுக்கு மேல் உழைத்தது. 2009-ல் மணலில் சக்கரம் புதைந்துகொண்டது. 2010 மார்ச் 22-ந் தேதி கடைசியாகப் பேசியது. 2011 மே மாதம் வரை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாசா கை விட்டது.

தங்கைக்கு ஆயுள் கெட்டி. ஆனால் வயது ஏற ஏற அவளுக்கும் ஞாபக மறதி வந்தது. இந்தத் தடவை கணக்குக் கோளாறு அல்ல. அலமாரியே தேய்ந்துபோயிற்று. பிளாஷில் எழுதி எழுதி அழித்தால் அது நாளடைவில் தேயும். 2014-ல் துடைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை.

அப்போது, அக்காளுக்குச் சொன்ன பழைய வைத்தியமே கை கொடுத்தது. அலமாரியைத் தொடாமல், மேஜையை மட்டும் வைத்துக்கொண்டு ஆப்பர்சூனிட்டி வேலை செய்தது. அன்றைக்கு எடுத்த படத்தை அன்றைக்கே, தூங்குவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். தூங்கினால் போயிற்று. அப்படியே காலம் தள்ளி, மொத்தம் 45 கிலோ மீட்டர் நடந்தது.

2018-ம் ஆண்டு செவ்வாயில் பெரும் புழுதிப் புயல் அடித்தது. பட்டப்பகல் இருட்டாயிற்று. வெயில் இல்லாமல் மின்சாரம் வற்றியது. ஜூன் 10-ந் தேதி வந்த தகவலோடு ஆப்பர்சூனிட்டியின் பேச்சும் நின்றது.